மலை கீழே இருக்கிறது

நாற்காலி பின்னால் வந்து முழங்காலில் தட்டியதும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்துவிட்டோம், நல்லவேளை, ஏறும் இடத்தில் மரியாதை பார்க்க நேரமில்லை, இந்த லிஃப்ட் நாற்காலி யாருக்காகவும் நிற்பதில்லை, நிற்கிற ஆளை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். காலில் மாட்டிய ஸ்கீ பலகைகள் அந்தரத்தில் தொங்குகின்றன, தடுப்புக் கம்பியை இழுத்து மடிமேல் இறக்கியாயிற்று, இப்போது சொல்லிவிட வேண்டும். இதோ, இப்போதே. சம்பந்தி, ஒரு சின்ன விஷயம். வேண்டாம், நம் ஆட்களில் யாரும் சின்ன விஷயத்தைச் சின்ன விஷயம் என்று சொல்லி ஆரம்பித்ததே இல்லை, அவர் உஷாராகிவிடுவார். சம்பந்தி, பிள்ளைகள் ஒரு ஆசைப்படுகிறார்கள். இது பரவாயில்லை. ஆனால் பிள்ளைகள் ஆசைப்பட்டால் பெரியவன் நீ என்னய்யா செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார், கேட்க மாட்டார், கேட்காமல் சிரிப்பார், அந்தச் சிரிப்புக்குத்தான் பயமாக இருக்கிறது. ரத்தினசபாபதி கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனி வைத்திருக்கிறவர், என்னைவிட மூத்தவர், என் மகள் சிந்துஜாவைக் கட்டப்போகும் நவீனின் அப்பா, என்னிடம் ஒரு சொல்கூட ‘ங்க’ போடாமல் பேசியதில்லை. அவர் மனதுக்குள் கோயம்புத்தூரில் கல்யாண மண்டபத்தைப் பிடித்து, பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, பந்தியே பரிமாறி முடித்துவிட்டார். பிள்ளைகளோ மண்டபம் வேண்டாம் என்கிறார்கள். இந்த மலைமேல் இருக்கிற கூடத்திலேயே, இந்த ஊர்க்காரர்களையும் இரண்டு வீட்டு நெருங்கின சொந்தத்தையும் மட்டும் வைத்துத் தாலி கட்டிக்கொள்கிறார்களாம். அதை அவரிடம் சொல்கிற வேலை என் தலையில். “லிஃப்ட்ல வச்சு சொல்லுங்கப்பா, அங்கதான் அவரால எழுந்து போக முடியாது,” என்ற யோசனையும் சிந்துஜாவுடையதுதான். எழுந்து போக என்னாலும் முடியாது என்பதை அவள் யோசிக்கவில்லை, அல்லது நன்றாக யோசித்துத்தான் சொன்னாளோ என்னவோ.

காலையிலிருந்து எத்தனையோ தடவை இறங்கி ஏறியாயிற்று. ஒவ்வொரு தடவையும் கீழே நாற்காலியில் உட்காரும்போது சொல்லிவிடுவதாகவே உட்கார்கிறேன், முதல் தூண் தாண்டட்டும் என்று நினைப்பேன், முதல் தூண் தாண்டியதும் அவர் ஏதாவது ஆரம்பிப்பார், அவர் பேச்சை முடிக்கட்டும் என்று இருப்பேன், அவர் முடிப்பதற்குள் மேலே வந்துவிடும். இது அவ்வளவு குட்டி மலை. மலை என்று நான்தான் சொல்கிறேன், ஆல்சன்ஸ் ஹில் என்று பெயர்ப்பலகை சொல்கிறது, எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம் இதைப் பாறை என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், மேடு என்பார்கள். காலையில் காரை நிறுத்தியதும் சம்பந்தி இறங்கிச் சுற்றும் முற்றும் பார்த்தார். நாலாபக்கமும் விஸ்கான்சின் சோளக்காடு, அறுத்துவிட்ட கட்டைமேல் பனி, தூரத்தில் ஒரு தானியக் கிடங்கு, நடுவில் ஓட்டுக் கொட்டகை மாதிரி ஒரு கட்டடம். “மலை எங்கீங்க?” என்றார். “கீழ இருக்கு சம்பந்தி,” என்றேன். அவர் நான் கேலி செய்வதாக நினைத்திருப்பார், நிஜமாகவே அது கீழேதான் இருக்கிறது. மற்ற இடங்களில் அடிவாரத்தில் கார் நிறுத்தி மேலே போவார்கள், இங்கே நாடு முழுக்கச் சமதளம், ஆற்றங்கரையில் மட்டும் நிலம் திடீரென்று சரிந்து இறங்குகிறது, அந்தச் சரிவுதான் மலை. முதலில் இறங்கிவிட்டு அப்புறம் ஏறி வரவேண்டும். சம்பந்தியோ ஆல்ப்ஸ் பார்த்தவர். கம்பெனி விஷயமாக ஆஸ்திரியா போய்ப் போய், ஐம்பது வயதுக்கு மேல் அங்கேயே வாத்தியார் வைத்து ஸ்கீ கற்றுக்கொண்டவர், உச்சியில் நின்று எடுத்த படம் கோயம்புத்தூர் வீட்டு வரவேற்பறையில் ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. நிச்சயத்துக்குப் போனபோது அதன் கீழ் சோபாவில்தான் என்னை உட்கார வைத்தார்கள். நானும் ஸ்கீ விடுவேன் சம்பந்தி என்று அப்போது எதற்குச் சொன்னேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இன்று வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம், அல்லது சொல்லாமல் இருந்திருக்கலாம். விளிம்பில் போய் எட்டிப் பார்த்தவர் ‘ஓ’ என்று ஒரே எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்த ‘ஓ’ இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

குளிர் மூக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தக் குளிரில் நான் சந்தோஷமாக இருப்பேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். காகித ஆலை வேலைக்கு இந்த ஊருக்கு வந்த புதிதில் நவம்பர் பிறந்தாலே நானும் என் மனைவி பொன்ராணியும் வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்தால் ஏப்ரலில்தான் திறப்போம், சண்டை போடுவதற்கு மட்டும் நிறைய நேரம் இருக்கும். அப்புறம் சிந்துஜாவின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இங்கே கூட்டிவந்தார்கள், துணைக்குப் பெற்றோர் வேண்டுமென்றார்கள், சும்மா நின்று வேடிக்கை பார்க்கலாம் என்று வந்த என் காலிலும் டார்லீன் பூட்ஸை மாட்டிவிட்டாள். லிஃப்ட் பார்த்துக்கொள்ளும் டார்லீன், மாட்டுப்பண்ணைக்காரி, இன்றைக்கும் மேலே லிஃப்ட் முடிகிற இடத்துக் குடிசைக்குள்தான் இருக்கிறாள். பெயர் என்ன என்றாள், இசக்கிமுத்து என்றேன், ஐசக் என்று வைத்துக்கொண்டாள், இந்த மலையில் எல்லாருக்கும் நான் ஐசக்தான், இசக்கியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நானும் விட்டுவிட்டேன். அன்று விழுந்தேன் பாருங்கள், எழுந்து விழுந்தேன், எழாமலும் விழுந்தேன். ஆனால் விழுந்து விழுந்தே அடிவாரம் வந்து சேர்ந்துவிட்டேன், அதுதான் இந்த மலையின் குணம், விழுந்தால்கூட வீடு வந்து சேர்ந்துவிடலாம். பயந்து முடிப்பதற்குள் சரிவு முடிந்துவிடும். பிறகு இன்னொரு தடவை, போன தடவை கோணலாகப் போன அதே திருப்பத்தில் இந்தத் தடவை கொஞ்சம் நேராக, வரிசையே கிடையாது, இறங்கினால் உடனே நாற்காலி, ஏறினால் உடனே சரிவு. மேலே கூடத்துக் கண்ணாடி ஜன்னலில் பொன்ராணி தெரிவாள். எங்கே நின்றாலும் எல்லாம் தெரியும், யார் விழுந்தார்கள், யார் புதுக் குல்லாய் போட்டிருக்கிறார்கள், யார் யாரோடு பேசவில்லை. புதன்கிழமைகளில் பந்தயம் விடுவோம், எங்கள் அணியில் ஒரு பல் டாக்டர், ஒரு தபால்காரர், நான், எப்போதும் கடைசிக்கு முந்தின இடம், கடைசி இடத்துக்காரர்களை அப்படிக் கேலி செய்வோம். ஒருமுறை ஆபீஸ் ஆட்களோடு கொலராடோ போனேன், பெரிய மலை பார்க்க வேண்டாமா என்று. பெரியதுதான், இல்லை என்று யார் சொன்னது. வண்டியை நிறுத்த ஒரு பயணம், அங்கிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து கம்பியில் தொங்குகிற கூண்டு, கூண்டுக்குள் முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு, மேலே போனால் தலைவலி, வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்ற நேரம் சறுக்கின நேரத்தைவிட அதிகம். தனியாகத் தவறிப்போய் ஒரு பைன் மரத்தடியில் நின்று அழாத குறை. அந்த மலையில் என்னை ஒருத்தரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. திரும்பி வந்த வாரம் இங்கே டார்லீன் “ஐசக், பூட்ஸ் இறுக்கமா இருக்கா?” என்று கேட்டபோது, சரியாகவே இருந்த பூட்ஸை அவள் பார்க்கட்டும் என்று காலை நீட்டிக்கொடுத்தேன்.

இதையெல்லாம் சம்பந்தியிடம் சொன்னால் போதும், பிள்ளைகள் ஏன் ஆசைப்படுகிறார்கள் என்று அவருக்கே புரிந்துவிடும். ஆனால் எங்கே ஆரம்பிப்பது? தூண் வந்துவிட்டது, மேலே சக்கரங்கள் கடகடவென்று கம்பிவடத்தைத் தள்ளுகின்றன, நாற்காலி ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு மறுபடி மௌனமாகப் போகிறது. “கம்பி எறக்குனது உங்களுக்கு சௌகரியமா இருக்குதுங்களா?” என்கிறார். “எனக்கென்ன சம்பந்தி, உங்களுக்கு எப்படி இருக்கு?” “எனக்கென்னங்க, உங்களுக்கு சரீன்னா சரீங்க.” இப்படித்தான் காலையிலிருந்து. கார்க்கதவில், கூடத்து வாசலில், கழிவறை வாசலில்கூட, நீங்க மொதல்ல, இல்லீங்க நீங்க மொதல்ல. கூடத்து வாசலில் நாங்கள் இருவரும் இப்படி மாறி மாறிக் கைகாட்டிக்கொண்டு நின்றதில் பின்னால் ஒரு குடும்பமே பிள்ளைகுட்டியோடு குளிரில் காத்து நின்றது. அந்தக் கூடத்தை இங்கே லாட்ஜ் என்பார்கள், ரூம் எடுத்துத் தங்குகிற லாட்ஜ் இல்லை, ஒரு பெரிய கணப்பு அடுப்பு, நீள மேசைகள், வெளியே மரத்தளம், அவ்வளவுதான். சுவரோரம் வரிசையாக மின்சார அடுப்புச் சட்டிகள், அவரவர் வீட்டிலிருந்து சூப்போ பீன்ஸோ கொண்டுவந்து பிளக்கில் சொருகிவிட்டுச் சறுக்கப் போய்விடுவார்கள், பசித்தவர் யார் சட்டியிலும் கைவைக்கலாம். அந்த வரிசையில் பொன்ராணியின் ரைஸ் குக்கரும் உண்டு, சாம்பார் சாதம், மலை முழுக்க அதற்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். சம்பந்தியம்மா கலாமணி காலையில் அதையெல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் உட்காருவது எனக்கு இன்னும் பழகவில்லை. நல்லவிதமாகச் சொல்லவில்லையா, பொல்லாதவிதமாகச் சொல்லவில்லையா என்று பொன்ராணியிடம் கேட்டேன். “ஏன், நீங்க மட்டும் ரொம்ப வாயத் தொறந்து பேசுதீகளாக்கும்?” என்றாள்.

“மண்டபத்துல பாருங்க,” என்று ஆரம்பிக்கிறார் சம்பந்தி, இதோ மறுபடியும் மண்டபம், “காரு நிறுத்தறதுக்கு எடம் பத்தாதுன்னு சொல்றாங்க. பக்கத்து மில்லு காலியிடத்தக் கேக்கலாமுங்களா, நீங்க என்ன நெனைக்கிறீங்க?” நான் என்ன நினைக்கிறேன்? காரே இல்லாத கல்யாணத்தை நினைக்கிறேன். “கேக்கலாமே,” என்று சொல்கிறது என் வாய். படுபாவி வாய். அவர் என் முகத்தையே பார்க்கிறார், கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை, கொஞ்ச நேரம் பொறுத்து, “பந்திக்கு ஒரே நேரத்துல நெறையப் பேரு உக்கார்ற மாதிரி இருக்கோணுமுங்க. கூட்டம் சாஸ்தியாயிடுமோன்னுதான் ரோசனை,” என்கிறார். ஆகா, கூட்டம் அதிகமாகிவிடும் என்று அவரே சொல்கிறார், இதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம், கூட்டம் எதற்கு சம்பந்தி என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர் பேச்சை முடித்தாரா? மூத்தவர், பையன் வீட்டுக்காரர், அவர் ஒரு முடிவு சொல்லுமுன் நான் முந்திக்கொண்டு சொன்னால் நன்றாகவா இருக்கும். முடிக்கட்டும். அவர் முடித்துவிட்டார் போலிருக்கிறது. கீழே இரண்டு பேர் வளைந்து வளைந்து இறங்கி வருகிறார்கள், சிவப்புச் சட்டை சிந்துஜா, பின்னால் நவீன், எங்களைக் கண்டதும் சரேலென்று திரும்பி நாற்காலிக்கு நேர் கீழே நிற்கிறாள், தலையை அண்ணாந்து, கையை விரித்து, என்னாச்சு என்று கேட்கிறாள். நவீனும் தன் அப்பாவைப் பார்த்து ஏதோ கை காட்டுகிறான். நான் கையுறைக் கையை ஆட்டுகிறேன், அதற்கு ஆமாம் என்றும் அர்த்தம் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். சம்பந்தியும் ஆட்டுகிறார். அவள் தலையில் அடித்துக்கொள்வது மேலேயிருந்து நன்றாகத் தெரிகிறது.

அவள் கேட்டதில் என்ன தப்பு. இந்தச் சரிவில்தான் அவள் காலை ஒடித்துக்கொண்டாள், வழியெல்லாம் பாட்டுப் பாடிக்காட்டியபடியே, அடிபட்டவர்களைத் தூக்கிப்போகும் ரோந்துக்காரர் அவளைச் சறுக்குக் கட்டிலில் வைத்து இழுத்துப் போனார். நவீன் கல்லூரியிலிருந்து சிநேகிதர்களோடு வந்து முதன்முதலாக விழுந்ததும் இங்கேதான், அவள் பலகைமேலேயே விழுந்தான், அதற்குத்தான் கல்யாணம். “என்ன வளத்தவங்க இங்க இருக்காங்கப்பா,” என்றாள் போன வாரம், “கோயம்புத்தூர்ல நான் மேடைல நின்னா அதுல ஒருத்தர்கூட என்னத் தெரிஞ்சவங்க இருக்க மாட்டாங்க. நீங்க சொல்லலன்னா நானே சொல்லுவேன். நான் சொன்னா எப்படிச் சொல்லுவேன்னு உங்களுக்குத் தெரியும்.” தெரியும். என் அம்மாவின் குரல்வளை அவளுக்கு. அவள் சொன்னால் ஆற்றுக்கு அக்கரை மின்னசோட்டாவில் கேட்கும், அப்புறம் சம்பந்தி சிரித்துக்கொண்டே நல்லதுங்க என்று எழுந்து போய்விடுவார், நவீன் நடுவில் நிற்பான், பிள்ளை இரண்டு பக்கமும் இழுபட்டு வாடிப்போவான். நான் வேறு மாதிரி சொல்லவேண்டும். மெதுவாக. அவர் மனம் கோணாமல். தூண்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன. இதற்காகவாவது இந்த மலை இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்து தொலைத்திருக்கலாம், கொலராடோவில் என்றால் இந்நேரம் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லி முடித்திருக்கலாம். சே, கொலராடோவை எதற்கு நினைக்கிறேன். மரத்தளம் தெரிகிறது, கைப்பிடியோரம் பொன்ராணியும் சம்பந்தியம்மாவும் நிற்கிறார்கள், கையில் ஆவி பறக்கிற கோப்பைகள். சொல். சொல்லடா இசக்கி. “சம்பந்தி,” என்கிறேன். “சொல்லுங்க சம்பந்தி,” என்று சட்டென்று திரும்புகிறார், அதைத்தான் எதிர்பார்த்திருந்தவர் போல. “கம்பியத் தூக்கிருவமா?” என்கிறேன். எனக்கே என்மேல் காறித் துப்பலாம் போல இருக்கிறது. கம்பியைத் தூக்குகிறோம். பலகை நுனி பனியைத் தொடுகிறது, இறங்கும் மேடை வந்துவிட்டது, எழுந்து நின்றால் தானாகச் சறுக்கிக்கொண்டு போய்விடும், பிறந்ததிலிருந்து செய்கிற மாதிரி செய்கிற காரியம். “எறங்குங்க சம்பந்தி,” என்கிறேன். “இல்லீங்க, நீங்க மொதல்ல,” என்கிறார். “ஐயோ, மூத்தவங்க, நீங்க.” “சொந்த ஊட்டுக்காரரு நீங்கதானுங்களே.” பனி காலைவிட்டு நழுவிப் போகிறது. மேடை முடிந்துவிட்டது. நாங்கள் இருவரும் உட்கார்ந்தபடியே, கையை ஒருவருக்கொருவர் நீட்டியபடியே, தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

இறங்கத் தவறியவர்களைப் பிடிக்க வைத்திருக்கிற கம்பி என் பலகையில் பட்டு மடங்கியது. மணி அடித்தது. லிஃப்ட் நின்றுவிட்டது. மேலிருந்து கீழ்வரை அத்தனை நாற்காலியும் நின்று ஆடின, மோட்டார் சத்தம் ஓய்ந்ததும் எவ்வளவு சத்தம் இதுவரை இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் தரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், மரத்தளத்துக்கு நேர் எதிரே, கொலு பொம்மைகளாக உட்கார்ந்திருந்தோம். டார்லீன் குடிசையிலிருந்து மண்வெட்டியோடு வெளியே வந்தாள். “ஐசக்! இத்தனை வருஷமா வர்ற, இன்னிக்கு என்ன வந்தது உனக்கு? குதிச்சிடாத, ஏணி எடுத்துட்டு வரேன்,” என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். தளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். பொன்ராணி முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது, இவ்வளவு மானம் போன பிறகு இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு தைரியமும் சேர்ந்து வந்தது, அது வந்த வேகத்தில் வாயைத் திறந்துவிட்டேன், மெதுவாக, மனம் கோணாமல் என்று சேர்த்துவைத்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை.

“சம்பந்தி, பிள்ளைக கல்யாணத்த இங்கனயே வச்சுக்கணும்னு சொல்லுதுங்க. மண்டபம் வேண்டாங்குதுங்க.”

மோட்டார் ஓடாத அமைதியில் அது மரத்தளம் முழுக்கக் கேட்டது.

ரத்தினசபாபதி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. “அப்பாடா,” என்றார். “சொல்லீட்டீங்களா. நேத்தே நவீன் என்கிட்டச் சொல்லீட்டானுங்க. லிஃப்ட்டுல வெச்சு உங்ககிட்டப் பேசுங்கன்னு சொன்னான். பொண்ணு ஊட்டுக்காரரு, அவரு வாயால மொதல்ல வரட்டும், நாம முந்திக்கக் கூடாதுன்னு காலைலருந்து காத்துட்டு இருக்கறனுங்க. மண்டபம், பந்தி, காரு, கூட்டம்னு நானும் எடுத்து எடுத்துக் குடுக்கறேன், நீங்க கேக்கலாமேங்கறீங்க!”

அப்படியென்றால் கூட்டம் சாஸ்தியாகிவிடும் என்றது எனக்குத் திறந்துவிட்ட கதவு, நான் வாசலில் நின்று நீங்க மொதல்ல என்று கைகாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

“ஆனா ஒண்ணு சொல்லோணுமுங்க,” என்றார், சிரிப்பு போய்விட்டது. “ராத்திரி தூங்கலீங்க நானு. அத்தன பேரு ஊட்டுக் கல்யாணத்துல போயிச் சாப்புட்டு வந்திருக்கறேன். அவங்க மொகத்துல எப்படீங்க முழிக்கறது? பையன் ஆசைப்படறான், உங்க புள்ள ஆசைப்படுது, செரி. நீங்க என்ன சொல்றீங்க? புள்ளைங்க சொன்னத விடுங்க. நீங்க ஆசைப்படறீங்களா?”

என்னை யாரும் அதைக் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் சொல்கிறார்கள், பிள்ளைகள் சொல்கிறார்கள் என்றே அவர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பக்கமும் சொந்தம் இருக்கிறது, கோயம்புத்தூர் என்றால் சங்கரன்கோவிலிலிருந்து வேன் வைத்து வருவார்கள், கூப்பிடாவிட்டால் எனக்கு ஏச்சு வேறு விழும். ஆனால் பூட்ஸ் மாட்டிவிட்ட டார்லீனும், பாட்டுப் பாடிய ரோந்துக்காரரும், பல் டாக்டரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, ஜன்னல் வழியே இந்தச் சரிவு தெரிய, என் மகள் கழுத்தில் தாலி ஏறுவதை நினைத்துப் பார்த்தேன், நெஞ்சு நிறைந்துபோயிற்று.

“ஆசப்படுதேன் சம்பந்தி,” என்றேன். “அவங்களைவிட நான்தான் ரொம்ப ஆசப்படுதேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். யோசிக்கிறாரா, வருத்தப்படுகிறாரா என்று தெரியவில்லை. அப்போது மரத்தளத்திலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது.

“ஏனுங்க, இதையெல்லாம் என்கிட்ட யாருமே சொல்லலீங்களே?”

போச்சு, என்று நினைத்தேன். பொன்ராணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சம்பந்திக்கும் தெரிந்திருக்கிறது, மாப்பிள்ளையைப் பெற்றவரிடம் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கலாமணியம்மா கோப்பையைக் கைப்பிடிமேல் வைத்துவிட்டு, சேலைக்கு மேலே போட்டிருந்த என் மகளின் பழைய பனிக்கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, எங்களுக்கு நேர் எதிரே வந்து நின்றார். சம்பந்தி அந்தரத்தில் இருந்தபடியே, “அது வந்து, கலா…” என்றார்.

“நம்ம பெரிய பொண்ணு கல்யாணத்துல தாலி கட்டறத நான் பாக்கலீங்க,” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. “ஆரோ பெரிய மனுசரு வந்துட்டாருன்னு என்னக் கூட்டியாந்து வாசல்ல நிக்க வெச்சீங்க. கும்புட்டுட்டு நின்னேன். உள்ளுக்குள்ள மேளச்சத்தம் மட்டும் கேட்டுது. ஓடியாந்து பாக்கறதுக்குள்ள ஆச்சு. அன்னைக்கு ராத்திரி வீடியோவுல போட்டுப் பாத்தேன், அதுலயுமு முன்னாடி ஆரோ நின்னு மறைச்சுட்டாங்க. இத்தன வருசமாச்சு, நான் ஆருகிட்டயும் சொல்லல. இது சின்ன எடமுங்க. இங்க வெச்சா நான் பாப்பனுங்க.”

டார்லீன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நாற்காலிக்குக் கீழே சாத்தினாள், பலகைகளைக் கழற்றி வாங்கிக்கொண்டாள், யார் முதலில் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி ஏணியில் காலை வைத்திருந்தார். கனத்த பூட்ஸோடு தட்டுத் தடுமாறி இறங்கி, பனியில் ஒரு தடவை சறுக்கி, நேராகப் போய் அந்த அம்மாள் முன்னால் நின்றார்.

“இங்கயே வெச்சுக்கலாங் கலா,” என்றார்.